எதிராளி பெயர் இல்லாத பிராது

பீங்கான் சூளை வைத்திருப்பவனுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் என்ன? கரி விஷயமாக நெய்வேலிக்குப் போய்வருவது. பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும்போது ஒரு தூக்கம் போட்டு எழுவது. வருஷத்துக்கு ஒரு தரம் குடும்பத்தோடு ஸ்ரீமுஷ்ணம் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவது. இதற்கு மேல் நான் ஆசைப்பட்டதும் இல்லை. அப்படிப்பட்டவனை எங்கள் பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பர் போன வருஷம் ஜெனீவாவுக்கு அனுப்பிவைத்தார். எதற்காக என்று அப்போது அவர் சொல்லவில்லை. நானும் மகளின் பிரசவத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் வள்ளிக்கு அது தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் விருத்தாசலத்துக்கு வரவேண்டும். விமானம் ஏறக்கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை செல்வராசுக்கு ஜெனீவாவில் பெரிய மாநாட்டுக் கட்டடம் ஒன்றில், தாள்களைப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் பிரிவில் வேலை. “அத்தையக் கூட்டிக்கிட்டு நீங்க வந்துடுங்க மாமா, செலவு என்னோடது” என்று எழுதியிருந்தார். நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் என் வீட்டுக்காரி விருத்தாம்பாள் மிளகாயை வெயிலில் பரப்பிவிட்டாள்.

“எம் பொண்ணுக்கு வெள்ளைக்காரியா பத்தியச் சோறு பொங்கிப் போடுவா?” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பம்பாய் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் எங்கள் தகர டப்பாக்களைத் திறக்கச் சொன்னார். புளி, மிளகாய், சுண்டைக்காய் வற்றல் எல்லாவற்றையும் பேசாமல் பார்த்தவர், பிரசவ லேகியத்தைப் பார்த்ததும் சந்தேகப்பட்டார். இது என்ன என்று இந்தியில் கேட்டார். எங்களுக்கு இந்தி தெரியாது. விருத்தாம்பாள் ஒரு விரல் லேகியம் எடுத்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் அவர் வாயருகே நீட்டினாள். மனிதர் என்ன நினைத்தாரோ, வாயைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வேறு எந்த டப்பாவையும் திறக்கவில்லை.

ஜெனீவாவில் எனக்கு முதலில் கிடைத்தது குளிர். சித்திரை மாதத்தில் கம்பளி போட்டுக்கொண்டு சூரிய நமஸ்காரம் செய்த ஒரே விருத்தாசலத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். ஏரி கடல் மாதிரி இருக்கிறது. அதன் நடுவில் தண்ணீரைப் பனைமரத்துக்கும் மேலே பீச்சி அடிக்கிறார்கள். எதற்கு என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். “சும்மாதாங்க மாமா, பாக்கறதுக்கு” என்றார். எங்கள் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தாலே பார்க்கப் போவோம். அதனால் எனக்கு அது தவறாகத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு முன் காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் விருத்தாம்பாள் சாப்பிட மாட்டாள். நாங்கள் இருந்த நாலாவது மாடி சன்னலில் சோற்றை வைத்துவிட்டு, தொண்டை வரளக் கூப்பிட்டாள். வந்தது ஏரிப் பறவை, வெள்ளை வெளேரென்று. அது சோற்றைத் தின்றுவிட்டு இவளைப் பார்த்தது.

“முன்னோருங்க இந்த ஊருக்கு வந்ததும் நெறம் மாறிட்டாங்க போலருக்கு” என்றாள். மறுநாள் முதல் பருப்பும் நெய்யும் சேர்த்தே வைத்தாள்.

வந்த வாரமே ஒரு கலவரம். பருப்புப் பொடிக்காக அவள் மிளகாய் வறுத்தாள். சன்னல்கள் சாத்தியிருந்தன. கொஞ்ச நேரத்தில் மாடிப்படி முழுக்க இருமல். ஒவ்வொரு கதவும் திறக்கிறது, ஒவ்வொரு மொழியில் இருமல் கேட்கிறது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கீழிருந்து ஏறி வந்தார். முதல் மாடிக்காரர் மூன்றாம் மாடியைக் கை காட்டினார். மூன்றாம் மாடிக்காரர், எல்லாம் கீழே இருக்கும் பேக்கரியின் வேலை என்றார். அந்த அம்மாள் யார் சொன்னதையும் கேட்டுக்கொண்டார், ஒன்றையும் நம்பவில்லை. ஒவ்வொரு கதவாக நின்று தாமே மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் கதவில் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. மூக்குக்கு முன்னால் கண் பதில் சொல்லிவிட்டது.

அவர் வள்ளியிடம் பிரெஞ்சில் கண்டித்துவிட்டுப் போனார். கூட வந்திருந்த இன்னொரு பெண்மணி மட்டும் போகவில்லை. கறுப்பு உடை, ஐம்பது வயது இருக்கும், எங்களுக்குக் கீழ் வீட்டில் தம் உறவினரோடு தங்கியிருப்பவர். பெயர் மரியா. கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வள்ளி மொழிபெயர்த்தாள். “எங்க தீவுலயும் மிளகாய் வறுப்போம், என் தம்பி வறுத்தா தெருவே இருமும், அப்படின்னு சொல்றாங்கப்பா.”

சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். விருத்தாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“மொளகாய்க்கு அழுவறதுக்கும் மனசு அழுவறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? என்னான்னு கேளு வள்ளி” என்றாள்.

அவர் சொன்னது இதுதான். நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் உத்தியோகம் அப்படி. ஒரு தீவு. இரண்டு தரப்பு சண்டை. நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மரியா அம்மாளின் தம்பி அங்கே சமையல்காரர். ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியின் மேல் குண்டு விழுந்தது. ஒரு தரப்பு, உள்ளே நோயாளிகள் இருந்தார்கள், எல்லாரும் செத்தார்கள் என்றது. மற்றத் தரப்பு, முந்தின நாளே எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள், உள்ளே துப்பாக்கிதான் இருந்தது என்றது. இப்போது அந்த இடம் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். யாரையும் உள்ளே விடுவதில்லை.

“இவர்கள் பேச்சைக் கேட்டால் என் தம்பி செத்துவிட்டான். அவர்கள் பேச்சைக் கேட்டால் உயிரோடு இருக்கிறான். யார் நல்லவர் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேராத யாராவது ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். அதைக் கேட்கத்தான் வந்தேன்” என்றார்.

விருத்தாம்பாள் ஒரு கிண்ணத்தில் சோறும் பொடியும் நெய்யும் பிசைந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார்.

“சமையக்காரன்தான? எங்க இருந்தாலும் பசியோட இருக்க மாட்டான்னு சொல்லு” என்றாள். வள்ளி சொன்னாள். மரியா அம்மாள் இன்னொரு பிடி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். அந்தச் சமயம் உலகத்து நாடுகள் எல்லாம் அவருடைய கட்டடத்தில்தான் கூடி உட்கார்ந்து போர்க்காலச் சட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தன. போருக்கு ஒரு சட்டம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் இரண்டு பேர் சண்டை போட்டாலே சட்டம் பேசுகிறவனுக்குத்தான் முதல் அடி விழும்.

“ஒரு குழு போடணும்னு சில பேரு சொல்றாங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. “எந்த நாட்டுக்காகவும் பேசாத ஆளுங்க. சண்டையில முறைகெட்டு நடந்துட்டாங்கன்னு புகார் வந்தா, இவங்க நேர்ல போயி, பாத்து, நடந்தது இதுதான்னு சொல்லுவாங்க. தண்டனை குடுக்கற வேலை இல்ல. உண்மையக் கண்டுபிடிக்கறது மட்டுந்தான்.”

“நல்ல காரியந்தான? அதுக்கு என்னா தடை?”

“ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டாதான் போகலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க. ஒத்துக்கலைன்னாலும் போகணும்னு மீதிப் பேரு சொல்றாங்க. ஒரு வார்த்தைக்காக எத்தனை தாள் சுத்தறேன் தெரியுமா? கையெல்லாம் மை.”

மறுநாள் மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். மரியா அம்மாளும் தினமும் காலையில் அந்தக் கட்டட வாசலுக்குப் போய் நிற்பவர். எனக்கு வழி காட்டுவதாகச் சொன்னார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. அதனால் வழியெல்லாம் ஒத்துப்போய்ப் பேசிக்கொண்டே வந்தோம்.

அங்கே டிராமில் கண்டக்டர் கிடையாது. நிறுத்தத்தில் ஒரு இயந்திரம் நிற்கிறது. காசு போட்டால் சீட்டு தரும். நான் காசு போட்டேன். அது சாமி உண்டியல் மாதிரி வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. அதற்குள் டிராம் வந்துவிட, ஏறிவிட்டோம். இரண்டாவது நிறுத்தத்தில் சீட்டுப் பரிசோதகர் ஏறினார். என்னிடம் சீட்டு இல்லை. வேட்டி, விபூதி, கையில் சாம்பார் மணக்கும் கேரியர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் பஸ் இரண்டு கட்சியாகியிருக்கும். “நான் பாத்தேங்க, அவரு காசு குடுத்தாரு” என்று முன் சீட்டுக்காரர் சொல்வார். அவர் ஏறினதே அடுத்த ஊரில்தான். “ஆளப் பாத்தா தெரியலியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மரியா அம்மாள் மட்டும் கையால் இயந்திரத்தைக் காட்டி, காசு விழுவதைக் காட்டி, ஒன்றும் வராததைக் காட்டினார். பரிசோதகர் யோசித்தார். பிறகு எங்களை இறக்கி, தாமும் இறங்கி, எதிர்ப்பக்க டிராமில் ஏற்றி, புறப்பட்ட நிறுத்தத்துக்கே கூட்டிவந்தார். தம்முடைய காசு ஒன்றை இயந்திரத்தில் போட்டார். அதையும் அது விழுங்கிவிட்டது. ஒரு குத்து குத்தினார். அப்போதும் வரவில்லை. என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுச் சிரித்தார். நானும் கும்பிட்டேன்.

மாநாட்டுக் கட்டடத்தில் மாப்பிள்ளை அனுமதிச் சீட்டு வாங்கி என்னை உள்ளே கூட்டிப்போனார். முதலில் காப்பி. இங்கே ஒரு தவறு செய்தேன்.

பீங்கான் தொழிலில் இருப்பவன் எவனும் ஒரு கோப்பையைப் பார்த்தால் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பான். எந்த ஊர்ச் சரக்கு, யாருடைய முத்திரை, மெருகு அடியில் எப்படி நின்றிருக்கிறது என்று பார்க்காமல் கை நிற்காது. கல்யாண வீடுகளில் எங்கள் ஊர்க்காரர்களைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம். அந்த மேஜையில் அவ்வளவு அழகான கோப்பை. வெண்மை என்றால் அப்படி ஒரு வெண்மை. கவிழ்த்துவிட்டேன். உள்ளே காப்பி இருந்ததைக் கை மறந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், ஏதோ ஒரு நாட்டின் பிரதிநிதி, தாள்களைப் பரப்பிப் படித்துக்கொண்டிருந்தார். காப்பி முழுவதும் அவர் தாள்களின் மேல். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் தோளில் இருந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். மை இன்னும் நன்றாகப் பரவியது. பெரியவர் எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தம்முடைய கோப்பையை எடுத்து, மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, கவிழ்த்துப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டார்.

“நீங்க எதைத் தேடுனீங்கன்னு கேக்கறாரு மாமா.”

“யாரு செஞ்சதுன்னு அடியில போட்டிருக்கும், அதைத்தான்னு சொல்லுங்க.”

மாப்பிள்ளை சொன்னார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “நானும் இங்கே மூன்று வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் கவிழ்த்துப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்” என்றாராம். அந்த விசாரணைக் குழு வேண்டும் என்று வாதாடுகிறவர்களில் அவர் ஒருவர். நான் நனைத்தது அந்தத் தாளைத்தான். மாப்பிள்ளை ஓடிப்போய் வேறு பிரதி கொண்டுவந்தார்.

மண்டபத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மேலே இடம். காதில் ஒரு கருவி மாட்டிவிட்டார்கள். திருகினால் ஒரு மொழி, இன்னும் திருகினால் இன்னொரு மொழி. கடைசி வரைக்கும் திருகிப் பார்த்தேன். தமிழ் இல்லை. மாப்பிள்ளைதான் காதோரம் சொல்லிக்கொண்டு வந்தார். “இவர், எங்கள் வீட்டுக்குள் எங்களைக் கேட்காமல் யாரும் வரக்கூடாது என்கிறார். அவர், குற்றம் செய்தவனிடம் அனுமதி கேட்டு விசாரிப்பது எந்த ஊர் விசாரணை என்கிறார்.” அப்புறம் ஒருவர் எழுந்து, அந்தக் குழு போய்வருகிற வழிச்செலவை யார் கொடுப்பது என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே. நாலைந்து நாடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

சாயங்காலம் வாசலில் நான் சிரித்ததை மாப்பிள்ளை சொல்ல, மரியா அம்மாள் விடவில்லை. எல்லாரும் பொறுப்பாகப் பேசும் இடத்தில் ஏன் சிரித்தேன் என்று மாப்பிள்ளை மூலம் கேட்டார். சொல்லவேண்டியதாகிவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். முருகன்தான், ஆனால் மயிலும் வேலுமாக நிற்கும் உருவம் கிடையாது, பீடமாகத்தான் இருக்கிறார். முகமே இல்லாத சாமியிடம் முகதாட்சண்யத்துக்கு இடம் ஏது? அதனால் நியாயம் கேட்பவர்கள் அங்கே போவார்கள். வெள்ளைத் தாளில் கோர்ட்டுக்கு எழுதுவதுபோலவே எழுதவேண்டும். என் பெயர் இன்னது, ஊர் இன்னது, எதிராளி இன்னார், அவர் செய்தது இன்னது என்று எழுதி, சாமி பாதத்தில் வைத்து, சுருட்டி, அதே கோயிலில் இருக்கும் முனியப்பர் சன்னதி வேலில் நூலால் கட்டிவிட்டால் அதற்குப் பெயர் பிராது கட்டுவது. சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். அவர் விசாரிக்கப் போகவேண்டும் அல்லவா? அதற்கு ஊரின் தூரத்துக்குத் தகுந்தாற்போல் படிப்பணம், அதாவது வழிச்செலவு, கட்டவேண்டும். உலகத்து நாடுகள் கூடி மூளையைக் குழப்பிக்கொண்டிருந்த கேள்விக்கு மணவாளநல்லூரில் எப்போதோ முடிவு கட்டியாகிவிட்டது. அதை நினைத்துத்தான் சிரித்தேன்.

மரியா அம்மாள் சிரிக்கவில்லை. “உங்கள் சாமி, எதிராளி ஒப்புக்கொண்டால்தான் போவாரா?” என்று கேட்டார்.

“எதிராளியக் கேட்டா யாரும்மா போக விடுவான்? அவரு கேக்கறதே இல்ல” என்றேன்.

அவர் திரும்பிக் கட்டட வேலியைப் பார்த்தார். இரும்புக் கம்பி வேலி. கம்பி ஒவ்வொன்றின் உச்சியும் வேல் மாதிரி கூர்மையாக வார்த்திருந்தது. நானும் அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

மறுநாள் காலையில் அவர் ஒரு தாளை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். விருத்தாம்பாளும் எங்களோடு கிளம்பிவிட்டாள். மஞ்சள் நூல் அவளிடம்தான் இருந்தது. எப்படிச் சுருட்டுவது, எத்தனை சுற்று, எங்கே முடிச்சு என்று இவள் காட்ட, அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு வேலியில் கட்டினார். காவலர் வந்துவிட்டார். வேலியில் எதையும் கட்டக்கூடாதாம்.

“காத்துல பறந்துடும்னு கட்டியிருக்கோம், வேற எதுக்கு?” என்று விருத்தாம்பாள் தமிழில் அவரிடம் சண்டைக்கு நின்றாள். அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். இரண்டு பேரும் வெகு நேரம் விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே போக வந்தார் தடித்த கண்ணாடிப் பெரியவர். என்னைப் பார்த்ததும் கையில் கோப்பை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு காவலரிடம் ஏதோ சொல்லிவிட்டு, வேலியில் இருந்த தாளைத் தாமே அவிழ்த்து, நின்றபடியே முழுவதும் படித்தார். மாப்பிள்ளையும் அதற்குள் வெளியே வந்துவிட்டார். பெரியவர் மரியா அம்மாளைக் கேட்டார், நீங்கள் எந்தத் தரப்பு என்று.

“நான் அவனுடைய அக்கா. அதுதான் என் தரப்பு” என்றார் அவர்.

“இரண்டு நாடும் ஒப்புக்கொண்டால் ஒரு குழுவை அனுப்பலாம் என்கிற அளவுக்காவது கொண்டுவரப் பார்க்கிறோம் அம்மா.”

“இரண்டு நாடும் ஒப்புக்கொண்டால் நானே போய்ப் பார்த்துக்கொள்வேனே ஐயா.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தாளைத் தாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று பேசும்போது, கையில் எழுதியிருந்ததை வைத்துவிட்டு, ஒரு சமையல்காரரைப் பற்றிப் பேசினார் என்று மாப்பிள்ளை வந்து சொன்னார். ஆனால் ‘இரண்டு நாடும் ஒப்புக்கொண்டால்’ என்கிற வார்த்தை மாறவில்லை.

வள்ளிக்கு முருகன் அருளால் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. மரியா அம்மாள் தொட்டில் துணி தைத்துக் கொடுத்தார். நான் கொண்டுபோன எங்கள் சூளைப் பீங்கான் பொம்மைகளில் ஒரு பசுவும் கன்றும் அவருக்குக் கொடுத்தேன். வாங்கியவுடன் கவிழ்த்துப் பார்த்தார். நாங்கள் ஊர் திரும்பும் நாளில் இன்னொரு தாள் எழுதி என் கையில் கொடுத்தார். அதில் தம்பியின் பெயர், ஆஸ்பத்திரி இருந்த ஊர், கேட்பது என்ன, அவ்வளவுதான்.

“உங்கள் சாமியிடம் கட்டுங்கள். ஒன்று மட்டும். யார் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத குற்றத்தை யார் பெயரிலும் எழுதிவிடாதீர்கள்” என்றார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோயிலுக்குப் போனேன். அங்கே பிராது எழுதிக்கொடுக்கும் அண்ணாமலை எனக்கு வெகுநாள் பழக்கம். “வாய்யா ஜெனீவாக்காரரே, வெள்ளைக்காரன் மேலயா பிராது?” என்றபடி பேனாவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எதிராளி யாரு?”

“தெரியாது.”

“தெரியாம எப்பிடிய்யா? சாமி யாரு வூட்டுக் கதவைத் தட்டுவாரு?”

“எதிராளி வாணாங்கறாங்க. போய்ப் பாத்துச் சொன்னா போதுமாம்.”

“அது வேண்டுதல். அதுக்கு ஒரு அர்ச்சனையப் பண்ணிட்டுப் போ. பிராதுன்னா எதிர்ல ஒரு ஆள் நிக்கணும். வேணும்னா ரெண்டு நாட்டு பேரையும் எழுதிடுவோம். எவன் செஞ்சானோ அவன் மாட்டுவான்.”

எனக்கும் கொஞ்சம் சபலம்தான். வாக்குக் கொடுத்துவிட்டு வந்து கட்டாமல் திரும்புவதா? ஆனால் அந்த அம்மாள் சொன்னது வேறு. அர்ச்சனை செய்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விருத்தாம்பாள் அதைப் பூசை மாடத்தில் வைத்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வந்தது, சூளை நின்றது, மறுபடி எரிந்தது. மரியா அம்மாள் வாசலில் நிற்பதை நிறுத்தவில்லை என்று வள்ளி அவ்வப்போது எழுதுவாள்.

இந்த வருஷம் பேரனுக்கு மொட்டை போட வள்ளியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கொளஞ்சியப்பர் கோயிலில்தான் மொட்டை. குழந்தை கத்தி முடித்து, தலையில் சந்தனத்தோடு பாட்டி மடியில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை சொன்னார்.

“அந்தக் குழு விஷயம் சட்டமாயிடுச்சு மாமா. எல்லாரும் கையெழுத்துக்கு ஒத்துக்கிட்டாங்க.”

நான் சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அவர் உடனே, “இருங்க, முழுசா கேளுங்க” என்றார். “குழுன்னு ஒன்னு அமையணும்னா, எங்க விஷயத்துல நீங்க வந்து விசாரிக்கலாம்னு தனியா சம்மதம் எழுதிக் குடுக்கற நாடு இத்தனை சேரணும்னு வச்சிருக்காங்க. சேர்ற வரைக்கும் குழு இல்ல. சேந்தப்புறமும், சம்மதம் குடுத்தவங்க விவகாரத்துலதான் தானாப் போக முடியும்.”

“எத்தனை பேரு குடுத்திருக்காங்க?”

“யாரும் அவசரப்படலீங்க.”

“நம்ம நாடு?”

“இன்னும் இல்லீங்க மாமா.”

கும்பிட்ட கையை இறக்கிவிட்டேன். அந்த அம்மாள் இன்னும் எத்தனை நாடுகளின் வாசலில் போய் நிற்பார்? விருத்தாம்பாள் குழந்தையின் தலையில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“ஏங்க, அண்ணாமலை அண்ணன் அன்னிக்கு எதிராளி யாருன்னு கேட்டாரில்ல?”

“ஆமா.”

“குண்டு போட்டது யாருன்னு தெரியாது. போய்ப் பாக்க வுடாதது யாருன்னு இப்பத் தெரியுதே. அந்த அம்மா தெரியாதவன் பேரைத்தான் எழுத வாணாம்னாங்க. அந்தத் தாளை எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன், இந்தாங்க.” முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அண்ணாமலையிடம் போனேன். பேரனை முதலில் கொஞ்சினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“எதிராளி?”

“போய்ப் பாக்கறதுக்கு சம்மதம் குடுக்காத நாடுங்க எல்லாம்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “பங்காளி மேல எழுதுவானுங்க. வரப்பு வெட்டுனவன் மேல எழுதுவானுங்க. ஒருத்தன் ஊர் மொத்தத்தையும் எழுதிட்டுப் போனான். நீ உலகத்தையே எழுதச் சொல்றியேய்யா. சரி, இதுல நம்ம நாடும் வருதா?”

“வருதுங்க.”

பேனா நின்றது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “எமர்ஜென்சி முடிஞ்சிடுச்சு இல்ல?”

“முடிஞ்சிடுச்சு.”

“அப்ப எழுதலாம்.” எழுதினார். குறை என்ன என்ற இடத்தில் மாப்பிள்ளை மரியா அம்மாளின் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தம்பியின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். படிப்பணத்துக்கு வந்தபோது அவருக்கே குழப்பம். இத்தனை ஊருக்கும் தூரம் எப்படிப் போடுவது? தலையைச் சொறிந்துகொண்டு, “பக்கத்துலேருந்து ஆரம்பிக்கட்டும். மொதல்ல டில்லிக்குப் போடறேன். மத்ததுக்கெல்லாம் அவருக்கு மயில் இருக்குது” என்றார்.

தாளைச் சாமி பாதத்தில் வைத்து வாங்கி, மரியா அம்மாள் எழுதியதையும் உள்ளே வைத்துச் சுருட்டி, முனியப்பர் சன்னதி வேலில் கட்டினேன். விருத்தாம்பாள் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

பிராது பலித்தால் கட்டியவர் வந்து வாபஸ் வாங்கவேண்டும் என்பது முறை. நான் வாங்கினால் போதுமா என்று கேட்டேன். குறை யாருடையதோ அவர்தான் வரவேண்டும் என்று அண்ணாமலை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடத் தம்பியையும் அழைத்துவரலாமாம். அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லையாம்.